மதலைமுத்துவின் ஒன்பது பாதிகள்

"எதையும் விட வேண்டாம். எல்லாத்துலயும் பாதி சாப்பிடுங்க, போதும்."

டாக்டர் சொன்னது இவ்வளவுதான். அவர் பெங்களூருக்குப் புதியவர் என்பது அதிலேயே தெரிந்துவிட்டது. இந்த ஊரில் பழகினவராக இருந்தால் பாதி என்ற சொல்லை ஒரு சர்க்கரை நோயாளியின் கையில் அவ்வளவு அலட்சியமாகக் கொடுத்துவிட்டுப் போயிருக்க மாட்டார்.

இங்கே பாதிக்கு 'பை டூ' என்று பெயர். ஒரு காபி சொல்லி, அதை இரண்டு லோட்டாவில் வாங்கி, இரண்டு பேர் நின்றுகொண்டே குடிப்பது. வெளியூர்க்காரர்கள் இதைக் கஞ்சத்தனம் என்று நினைத்துக்கொள்வார்கள். அதெல்லாம் இல்லை. ஒருவரோடு பை டூ குடிக்க ஆரம்பித்தால் அவர் சிநேகிதர், நிறுத்திவிட்டால் சண்டை என்று அர்த்தம்.

நோயாளியின் பெயர் மதலைமுத்து. எங்கள் மோட்டார் கம்பெனியின் பஸ் டிரைவர். கோலார் தங்கவயலில் பிறந்து, சுரங்க லாரி ஓட்டி, அங்கே வேலை இளைக்க ஆரம்பித்ததும் பொம்மனஹள்ளிக்குக் குடிவந்தவர். பதினோரு வருஷமாகத் தினமும் காலையில் ஜோகுபாளையம் வந்து என்னை ஏற்றிக்கொண்டு போகிறார். நான் குணசேகர், ஸ்டோர் கீப்பர். தொண்ணூற்றொன்பது பிப்ரவரியில் கம்பெனி எல்லோருக்கும் ரத்தப் பரிசோதனை வைத்தபோது வெறும் வயிற்றில் அவருக்கு நூற்றுத் தொண்ணூறு. எனக்குத் தொண்ணூற்றிரண்டு. இந்த இரண்டாவது எண்ணை நான் ஒரு வாரம் பஸ்ஸில் யாரும் கேட்காமலே சொல்லிக்கொண்டு வந்தேன்.

பர்சனல் ஆபீசர் ஓஸ்வால்ட் மதலைமுத்துவைக் கூப்பிட்டனுப்பினார். மே மாதம் மறுபடியும் ரத்தம் எடுப்பார்கள், அப்போதும் குறையவில்லை என்றால் ஸ்டீயரிங்கைக் கொடுத்துவிட்டு கேட்டில் போய் நிற்க வேண்டும் என்றார். பஸ்ஸில் நாற்பத்திரண்டு பேர் வருகிறார்கள், ரிஸ்க் எடுக்க முடியாது என்றார். வெளியே வந்த மதலைமுத்துவுக்குக் கண் கலங்கியிருந்தது.

"வேற எவனோ பஸ் ஓட்டிக்கினு வருவான், நான் கேட்டைத் தொறந்து சல்யூட் அடிக்கணுமா குணா? அதுக்கு என்னைய ஊருக்கே அனுப்பிடலாம்."

"அதான் பாதி சாப்டுங்கன்னு சொல்லிட்டாரே."

"பாதிதானே. சாப்ட்டுட்டா போச்சு," என்றார். அன்றே ஆரம்பித்துவிட்டார்.

கம்பெனிக்கு எதிரே ஒரு தர்ஷினி இருக்கிறது. உட்கார நாற்காலி கிடையாது, நின்று சாப்பிட உயரமான மேஜைகள் மட்டும். காலையில் பஸ்ஸை நிறுத்தியதும் நானும் அவரும் ஒரு பை டூ காபி. காபி ஊற்றுகிறவர் டிரைவர் அண்ணனுக்கு வேண்டியவர், இரண்டு லோட்டாவையும் விளிம்பு வரைக்கும் நிரப்பிவிடுவார். நான் கண்ணைக் காட்டினால் மதலைமுத்து தோளைக் குலுக்குவார்.

"நாம கேட்டது பாதி. அவன் ஊத்தறதுக்கு நாம இன்னா பண்ண முடியும்?"

ஒருநாள் அவர் முன்னால் ஒரு தட்டு சௌசௌ பாத் இருந்தது. ஒரு பக்கம் உப்புமா மாதிரி காரா பாத், இன்னொரு பக்கம் நெய் மினுங்கும் கேசரி பாத். இதென்ன என்று கேட்டேன்.

"காரா பாத் பாதி. கேசரி பாத் பாதி. டாக்டர் எல்லாத்துலயும் பாதின்னுதானே சொன்னாரு?"

நான் அந்தக் கேசரியில் ஒரு விள்ளல் எடுத்துக்கொண்டேன்.

வீட்டில் அவர் மனைவி லூர்துமேரி கறாராக இருந்தாள். இரண்டு களி உருண்டை ஒன்றாயிற்று. ஞாயிற்றுக்கிழமை பிரியாணி அரைத்தட்டுக்கு இறங்கியது. மனிதர் முணுமுணுக்காமல் சாப்பிட்டு எழுந்தார். அவள் மாதாவுக்கு மெழுகுவத்தி ஏற்றினாள். ஏப்ரலில் தெருமுனை லேபில் ரத்தம் கொடுத்துப் பார்த்தால் இருநூற்றுப் பதினாலு.

மறுநாள் ஸ்டோர் ஜன்னலில் வந்து நின்றாள். பஸ்ஸில் வராத ஆள் யாரும் அந்த ஜன்னலுக்கு வந்ததில்லை. நான் பேனாவை மூடி வைத்தேன்.

"அண்ணா, வீட்ல நான் பாதிதான் போடறேன். அவரும் கர்த்தர் மேல ஆணையா வெளியவும் பாதிதான்னு சொல்றாரு. இன்னும் மூணு வாரம்தான் இருக்குது. வண்டியை வுட்டுட்டா இந்த மனுசன் ஒடிஞ்சி பூடுவாருண்ணா. அப்ப அந்தச் சக்கரை எங்கிருந்து வருது?"

எனக்குத் தெரியாது என்று சொன்னேன். முழுப் பொய் இல்லை. காலைக் காபியும் சாயங்கால வடையும்தான் எனக்குத் தெரியும். அவ்வளவில் இருநூறு ஏறுமா என்று எனக்கே சந்தேகம் வந்தது.

மத்தியானம் செக்யூரிட்டி நாணுவிடம் பேச்சுக் கொடுத்தேன். பத்து மணிக்கு ஒரு காபியும் ஒரு பிளேட் இட்லியும் அவனோடு பை டூ. டைப்பிஸ்ட் உஷாவோடு டீ, அப்புறம் ஒரு பாதுஷா. "என்னோட மட்டும்தான்னு நெனச்சேன் சார்," என்றாள், ஏமாற்றப்பட்டவளைப் போல. பெயின்டிங் செக்‌ஷனில் மசாலா தோசையும் போண்டாவும். எல்லோருமே அந்த மனிதரின் பத்தியத்துக்கு உதவுகிறோம் என்ற பெருமையில் இருந்தார்கள். கடைசியில் ஓஸ்வால்ட் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "ஒரு பாதாம் பால். டெய்லி இல்ல, மோஸ்ட்லி," என்றார். ஆக மொத்தம் ஒன்பது பாதிகள். சௌசௌ பாத்தை நான் இதில் சேர்க்கவில்லை, அதைச் சேர்ப்பதென்றால் மதலைமுத்துவோடு வாதாட வேண்டும்.

லூர்துமேரியிடம் போய்ச் சொன்னேன். கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டாள்.

"இதுல நான் எத்தனாவது பாதிண்ணா?" என்று கேட்டாள்.

எனக்கு வெட்கமாக இருந்தது. அதில் என் பங்கு இரண்டு.

மறுநாள் நாலு மணிக்கு அவள் தர்ஷினிக்கு வந்தாள். கல்யாணமாகி இருபத்து நாலு வருஷத்தில் இருவரும் சேர்ந்து ஹோட்டலில் சாப்பிட்டதில்லையாம். எனக்கும் என் மனைவி ருக்குவுக்கும் பத்தொன்பது வருஷம், நாங்களும் போனதில்லை, ஆனால் இப்போது பேச்சு என்னைப் பற்றியது இல்லை. ஒரு மசாலா தோசை வாங்கி, காலித் தட்டு ஒன்றைக் கேட்டு, நடுவில் அவளே பிய்த்தாள். காபிக்காரர் இரண்டாவது லோட்டாவை வழக்கம்போல் நிரப்பப் போனபோது அதன் வாயைக் கையால் மூடினாள்.

"பாதின்னா பாதிதாங்க," என்றாள். அப்புறம் கணவர் பக்கம் திரும்பினாள். "எது வேணும்னாலும் கேளுங்க. தோசையா, கேசரியா, தினம் ஒண்ணு. ஆனா இனிமே பை டூன்னா என்னோட மட்டும்தான்."

முதல் நாலைந்து நாள் பார்க்கப் பாவமாக இருந்தது. அவர் நாலு வாயில் தன் பாதியை முடித்துவிட்டு அவள் தட்டையே பார்த்துக்கொண்டு நிற்பார். அவளோ விண்டு விண்டு, பக்கத்து வீட்டுக் கதை சொல்லி, கால் மணி நேரம் சாப்பிடுவாள். முறுவலான ஓரத்தைக் கடைசிக்கு வைத்துக்கொள்வாள். இரண்டாவது வாரத்தில் அவரும் ஒரு துண்டை ஓரமாக ஒதுக்கி வைத்துவிட்டுக் கதை கேட்பதை ஸ்டோர் ஜன்னலிலிருந்து பார்த்தேன். காலையிலேயே யோசித்து வைத்துக்கொண்டு, "இன்னிக்கி கேசரி பாத்," என்று பஸ்ஸில் அறிவிப்பார். நான் பழக்க தோஷத்தில் காபிக்குக் கூப்பிட்டால், "வேணாம் குணா, என் பாதிக்கு ஆளிருக்கு," என்பார். எரிச்சலாக வரும்.

நாணுவுக்கும் உஷாவுக்கும் அதே நிலைமை. பை டூவுக்குப் பழகினவர்களால் திடீரென்று முழுக் காபி குடிக்க முடியாது, மனசு வராது. அநாதையான பாதிகள் ஒவ்வொன்றாக ஸ்டோருக்கு வந்தன. காபி, இட்லி, பாதுஷா, போண்டா. பாதாம் பால்கூட வந்தது. எனக்குத்தான் தொண்ணூற்றிரண்டாயிற்றே, யாரையும் நான் திருப்பி அனுப்பவில்லை.

மே மாதம் ரத்தம் எடுத்தார்கள். மதலைமுத்துவுக்கு நூற்றுப் பதினெட்டு. ஓஸ்வால்ட் கை கொடுத்து, வண்டி அவரிடமே இருக்கட்டும் என்றார். மதலைமுத்து நேராகப் போய் டிரைவர் சீட்டில் ஏறி, வேலையே இல்லாமல் ஹாரன் அடித்தார்.

எனக்கு நூற்று அறுபத்தெட்டு.

"எதையும் விட வேண்டாம்," என்று ஆரம்பித்தார் டாக்டர்.

நாலு மணிக்கு தர்ஷினிக்குப் போனேன். ஓரத்து மேஜையில் அவர்கள் இரண்டு பேரும் நின்றிருந்தார்கள். லூர்துமேரி என்னவோ சொல்ல, அவர் கடைசித் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு சிரித்தார். எனக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, வயிற்றெரிச்சலாகவும் இருந்தது. கல்லாவில் ஒரு பை டூ என்றேன்.

"யார் ஜொதெ சார்?" என்று கன்னடத்தில் கேட்டார் கல்லாக்காரர். யாரோடு என்கிறார். நான் திரும்பிப் பார்த்தேன், பின்னால் யாரும் இல்லை.

கேட்டுப் பக்கத்து ஒரு ரூபாய் போனிலிருந்து வீட்டுக்குப் பேசினேன்.

"ருக்கு, நாளைக்கு நாலு மணிக்கு கம்பெனிக்கு எதுத்தாப்ல இருக்கற ஹோட்டலுக்கு வர்றியா? சும்மாதான். ஒரு தோசை வாங்கி ரெண்டு பேரும் சாப்பிடலாம்."

அந்தப் பக்கம் குக்கர் விசில் அடித்தது.

"எவ்ளோ இருக்குதுன்னு சொன்னாரு டாக்டர்?" என்றாள் ருக்கு.