மோதிர விரல் இல்லாத பனியுருண்டை

1

இந்தக் கதை என் அக்கா எலோதியாவின் ஃப்ரீசரிலிருந்து வருகிறது. அதன் கீழ்த்தட்டில், உறைந்த கோழிக்குப் பக்கத்தில், ரொட்டிப் பைக்குள் ஒரு பனியுருண்டை இருக்கிறது. 2004 கிறிஸ்துமஸ் காலையில் அப்பா பிடித்தது. இந்த வருஷம் எல்லோரும் கூடிச் சோளமாவுத் தமாலே அவிக்கும்போது வாசிக்க, அதன் கதையை எழுதித் தரச் சொல்லியிருக்கிறாள். வீட்டில் எழுதுகிறவன் நான் ஒருவன்தான். தப்ப வழியில்லை.

முதல் தொடக்கம்: "பிரவுன்ஸ்வில்லில் அன்று வானம்..." (வேண்டாம். சொல்ல விஷயம் இல்லாதவன்தான் வானத்தில் தொடங்குவான்.)

2

டெக்சஸின் தென்கோடியில், டிசம்பரிலும் மின்விசிறி சுழலும் ஊர். அன்று பனி பெய்து பனை மரங்களெல்லாம் வெளுத்து நின்றன. கையுறை யாரிடமும் இல்லை. காலுறையைக் கையில் மாட்டிக்கொண்டு தெருவே வெளியே வந்துவிட்டது. அப்பா மட்டும் வெறுங்கையால் அள்ளினார். ஆரஞ்சுப் பழம் பெட்டியிடும் பட்டறையின் எந்திரத்துக்கு மோதிர விரலைப் பறிகொடுத்த வலது கை. உருண்டையில் இரண்டு பள்ளம், ஓர் இடைவெளி, பிறகு ஒரு பள்ளம் விழுந்தது.

"ஃப்ரீசர்ல வை எலோதியா. இனி இது என் ஆயுசுல வராது" என்றார்.

(2017இல் மறுபடி பெய்தது. ஆனாலும் அவர் சொன்னது சரிதான். 2005 மார்ச்சிலேயே போய்விட்டார்.)

கிறிஸ்துமஸ்தோறும் அக்கா அந்தப் பள்ளங்களில் விரல்களை வைத்து, அந்த வருஷத்துச் சங்கதியெல்லாம் அவரிடம் சொல்வாள்.

இங்கே நிறுத்தினால் நல்ல கதை.

3

தம்பி நொவே அக்காவின் வீட்டுச் சாவியை — (பாருங்கள், படர்க்கைக்குள் ஓடி ஒளிகிறேன். நொவே நான்தான். இருந்தாலும் "அவன்" என்றே எழுதவிடுங்கள், அப்போதுதான் கை ஓடும்.)

2008 ஜூலைப் புயலுக்குப் பயந்து அக்கா பிள்ளைகளோடு சான் அன்டோனியோ போனாள். சாவியும் ஜெனரேட்டரும் நொவேயிடம்.

"கறியெல்லாம் கெட்டாலும் போகட்டும்டா. அப்பா மட்டும் கரையக் கூடாது."

மின்சாரம் போனது. அவன் ஜெனரேட்டரைத் தன் வீட்டு ஏசிக்கு மாட்டிக்கொண்டு, நாளைக்குப் போகலாம், நாளைக்குப் போகலாம் என்று படுத்துக் கிடந்தான். மூன்றாம் நாள் போய்ப் பார்த்தால், பையில் ஒரு கிண்ணம் தண்ணீர்.

ராஸ்பா விற்கும் வண்டிக்கு ஓடினான். துருவின ஐஸ் மட்டும் போதும் என்றான்.

"சிரப் வேணாமா? என்ன, பத்தியமா?" என்றாள் வண்டிக்காரி.

அக்காவின் சமையலறையில், மோதிர விரலை மடக்கிக்கொண்டு அதை உருண்டை பிடித்தான். அதற்குப் பிறகுதான் ஜெனரேட்டர் அந்த வீட்டுக்கு வந்தது.

ஆக, பதினாறு வருஷமாக அக்கா பிடித்துக்கொண்டு பேசுவது என் கையை. "அப்பா, நொவேயைக் கொஞ்சம் பாத்துக்கோங்க" என்று அதனிடமே வேண்டிக்கொள்வாள். பக்கத்தில் நிற்பேன். வெட்கத்தில் செத்துப்போவேன்.

4

முடிவு அ: வாசிக்கிறேன். அக்கா உருண்டையை என் முகத்தில் எறிகிறாள்.

முடிவு ஆ: "எனக்கு எப்பவோ தெரியும்டா" என்கிறாள். (இது கதைகளில் வரும் அக்கா. என் அக்காவுக்குத் தெரிந்திருந்தால் பதினாறு நிமிஷம் வாயை மூடியிருக்க மாட்டாள்.)

முடிவு இ: எதையும் வாசிக்காமல் நான்

போன் அடித்தது. அவள்தான்.

"எழுதி முடிச்சிட்டியா?"

"முடிவு வரலக்கா."

"இதுல என்னடா கஷ்டம்? அப்பா கையில கொண்டு வந்து முடி."

மாவு பிசைந்தாயிற்றாம். நாளை பத்து மணிக்கு வரச் சொல்லிவிட்டு வைத்தாள்.

மூன்றாம் பிரிவைக் கிழித்துவிடலாம். ஆனால் நீங்கள் படித்துவிட்டீர்களே. யாருக்கும் தெரியாது என்று எனக்கிருந்த ஒரே வசதியும் போயிற்று. நாளை அவள் பள்ளங்களில் விரல்களை வைத்துக்கொண்டு, "ம், வாசிடா" என்பாள். எதுவரை வாசிக்கட்டும்?