மணலுக்கு ஒரு பாதம்

சுலக்ஷனாவுக்கு மணலென்றால் பகை. பள்ளிக்கூடம் போகிற வயதில், விறகு பொறுக்கப் போன காட்டில் மிதிவெடி அவளுடைய வலது காலை முழங்காலுக்குக் கீழே கொண்டுபோய்விட்டது. செயற்கைக் காலோடு படிப்பை முடித்தாள். பிறகு மட்டக்களப்பு நகரத்தில் செயற்கைக் கால் செய்யும் பட்டறையொன்றில் வேலைக்குச் சேர்ந்து அந்தத் தொழிலில் நல்ல பெயரும் எடுத்தாள். தார் ரோட்டில் அவள் நடந்தால் ஒருவருக்கும் வித்தியாசம் தெரியாது. கடற்கரையில் மட்டும் கொஞ்சத் தூரம் போவதற்குள் பாதம் முளை அடித்த மாதிரி மணலுக்குள் இறங்கிவிடும்.

அவளிடம் வந்த கடற்றொழிலாளர்களுக்கும் இதே தொல்லைதான். உதயரூபன் என்பவர் கரைவலை இழுக்கப் போக முடியாமல் மீன் சந்தையில் ஐஸ் உடைத்துக்கொண்டிருந்தார். அவரைப் பார்த்த பிறகுதான் அவள் பழைய வண்டி ரயரை வெட்டி, தாரா வாத்தின் கால்போல அகலமாக ஓர் அடித்தட்டுச் செய்து, தன் செயற்கைப் பாதத்தின் கீழே ஒட்டினாள். கூட வேலை செய்யும் பிறின்ஸ் அதற்குத் தாராக் கால் என்றே பெயர் வைத்துவிட்டான். அவளும் சேர்ந்து சிரித்தாள். ஆனாலும் தான் நடந்து பார்க்காத ஒன்றை இன்னொருவருக்கு மாட்டிவிட அவளுக்கு மனம் வரவில்லை.

ஆசிரியை மேர்லின் விடுமுறைகளில் ஆட்களைக் கூட்டிக்கொண்டு காயங்கேணியிலிருந்து கதிரவெளி வரைக்கும் கடற்கரையோரமாக நடப்பவர். இரண்டு நாள் நடை. தானும் வருவதாகச் சுலக்ஷனா சொன்னபோது மேர்லின் தயங்கினார். சாமான் ஏற்றும் வேனில் வந்து முடிவிடத்தில் சேர்ந்துகொள்ளலாமே என்றார்.

“வேனில வாறதெண்டா நான் என்னத்துக்கு அக்கா இந்தக் காலைச் செஞ்சனான்?”

மேர்லின் நடக்கிறவர்களின் பட்டியலில் அவள் பெயரையும் எழுதிக்கொண்டார்.

முதல் நாள் காலை காயங்கேணியில் கடல் கண்ணாடி மாதிரிக் கிடந்தது. அது அரசு பாதுகாக்கும் கடல் சரணாலயம். கரையில் நின்றே பவளப் பாறைகளின் நிழலைப் பார்க்கலாம். மற்றவர்கள் கடலைப் பார்த்தார்கள். சுலக்ஷனா தன் காலடியைப் பார்த்தாள். தட்டு மணலில் படிந்தது, இறங்கவில்லை. அடம்பன் கொடி படர்ந்த மேட்டில் ஏறினாள், இறங்கினாள், மறுபடியும் ஏறினாள். பனிச்சங்கேணிப் பாலத்துக்கு வந்தபோதுதான் நிமிர்ந்து பார்த்தாள். கண்டல் காட்டுக்கு மேலே கொக்குகள் கூட்டமாகக் கிளம்பிக்கொண்டிருந்தன. அன்றிரவு வாகரையில் தங்கினார்கள். வலது காலில் மிஞ்சியிருந்த பகுதி சிவந்து வீங்கியிருந்தது. எண்ணெய் பூசிக்கொண்டு படுத்தாள்.

அடுத்த நாள் வெயில் ஏறிய நேரத்தில், கதிரவெளிக்கு இன்னும் நெடுந்தூரம் இருக்க, தட்டுக் கழன்றது. உப்புத் தண்ணீரும் சூடும் சேர்ந்து பசையைத் தின்றிருந்தன. நடக்க நடக்க ரப்பர் பட்டுப்பட்டென்று அடித்தது, பிறகு ஒரேயடியாகத் தொங்கிவிட்டது. மேர்லின் போனை எடுத்தார். பற்றைக்கு அந்தப் பக்கம் ரோடுதான், வேன் வந்துவிடும் என்றார். அவர் குரலில் குத்தல் எதுவும் இல்லை, கவலைதான் இருந்தது. அதுதான் சுலக்ஷனாவுக்குக் கூடுதலாகச் சுட்டது.

ஒரு தாழை மரத்தின் நிழலில் அமர்ந்து காலைக் கழற்றி மடியில் வைத்தாள். அலை கொண்டுவந்து போட்ட அறுந்த வலைத்துண்டு ஒன்று பக்கத்தில் கிடந்தது. அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மேர்லினிடம் பழம் வெட்டும் கத்தியைக் கேட்டாள்.

ரப்பரின் ஓரத்திலும் பாதத்தின் ஓரத்திலும் துளைகள் போட்டாள். வலையிலிருந்து நைலோன் நூலைப் பிரித்து, செருப்புத் தைக்கிற மாதிரி இழுத்து இழுத்துத் தைத்தாள். கை வெட்டுப்பட்டது. மேர்லின் பக்கத்தில் இருந்து நூலைப் பிடித்துக்கொண்டார்.

எழும்பி ஓரடி வைத்ததுமே அவளுக்கு விளங்கிவிட்டது. ஒட்டியிருந்தபோது பலகை மாதிரி விறைத்து நின்ற தட்டு இப்போது மணலோடு சேர்ந்து வளைந்தது. தட்டுக்கும் பாதத்துக்கும் இடையில் தேங்கி நின்று பாரமாக்கிய தண்ணீர் துளைகளால் வடிந்தோடியது. நேற்றுப் போட்டிருந்த காலைவிட இது நல்ல கால்.

“வேனை நேரே கதிரவெளிக்குப் போகச் சொல்லுங்க அக்கா,” என்றாள்.

அதன் பிறகு அவள்தான் முன்னுக்குப் போனாள். பின்னால் வந்தவர்கள் மெல்லப் போகச் சொல்லிக் கேட்டார்கள். அவளுக்குக் கேட்டது, ஆனாலும் மெல்லப் போக மனமில்லை.

கதிரவெளியில், பற்றைகளுக்கு நடுவில் பழங்காலத்து ஈமக் கற்கள் இருந்தன. எந்தக் காலத்து மனிதர்களோ கற்பலகைகளை நிறுத்தி, மேலே பெரிய கல்லால் மூடி, தங்கள் இறந்தவர்களை அடக்கம் செய்த இடம். சுலக்ஷனா ஒரு மூடுகல்லைக் கையால் தொட்டாள். வெயில் குடித்துச் சூடாயிருந்தது. இதைத் தூக்கி வைத்தவர்களும் இந்த மணலில்தானே கால் ஊன்றி நின்றிருப்பார்கள் என்று நினைத்தாள்.

மேர்லின் தொப்பியைக் கழற்றி முகத்தைத் துடைத்தார். “இனி இந்த நடைக்கு நீதான் முன்னுக்குப் போகணும் புள்ள. நான் பின்னால வாறன்,” என்றார்.

சுலக்ஷனா பிறின்ஸுக்குப் போன் எடுத்தாள். இனிப் பசை வேண்டாம், நைலோன் நூல் வாங்கி வைக்கச் சொன்னாள். எவ்வளவு என்று கேட்டான். கடையில் இருக்கிறதெல்லாம் என்றாள்.

மற்றவர்கள் சோற்றுப் பார்சலைப் பிரித்துக்கொண்டு மர நிழலில் சாய்ந்தார்கள். அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. இந்தா வாறன் என்று சொல்லிவிட்டுத் திரும்பவும் கடற்கரைக்கு இறங்கினாள். முதலில் வேகமாக நடந்தாள். பிறகு, ஆள் இல்லாத அந்த நீண்ட வெள்ளை மணலில், அவள் ஓடினாள்.