டேப்பின் மறுமுனை

நீளம் தாண்ட ஒரு ஆள் போதும். தாண்டியதை அளக்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் மணலில் பதிந்த தடத்தின் ஓரத்தில் டேப்பின் நுனி வளையத்தை அழுத்திப் பிடிக்க வேண்டும். மற்றவர் டேப்பைத் தாண்டு பலகைவரை இழுத்து வந்து எண்ணைப் படிக்க வேண்டும். நான் பதினோரு மாதமாக அதை ஒரே ஆளாகச் செய்துகொண்டிருந்தேன்.

வளையத்துக்குள் ஒரு நீள ஆணியைச் செருகி மணலில் குத்திவிட்டுப் பலகைக்கு வருவேன். இறுக்கி இழுத்தால் ஆணி பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். தளர விட்டால் டேப் நடுவில் தொய்ந்து, தாண்டாத தூரத்தையும் சேர்த்துச் சொல்லும். அதனால் ஒவ்வொரு தாண்டலையும் மூன்று முறை அளந்து, மூன்றில் குறைந்ததை நோட்டில் எழுதுவேன். பள்ளியில் எனக்குத் தனிக்கட்டை என்று பெயர். வருகை எடுக்கும்போது ஒருமுறை பி.டி. மாஸ்டரே வாய்தவறி அப்படிக் கூப்பிட்டுவிட்டார். நானும் "உள்ளேன் ஐயா" என்றேன்.

அதற்கு முன்பு மறுமுனையைப் பிடித்தவள் என் அக்கா. எங்கள் அம்மா தையற்காரி. வீட்டின் முன்னறைதான் கடை. ஆள்மீது டேப்பைச் சுற்றும்போது நடுவில் ஒரு விரல் விட்டு அளக்க வேண்டும், அப்போதுதான் துணி பிடிக்காது என்று அம்மா அக்காவுக்குப் பழக்கியிருந்தாள். சதை போட்ட வாடிக்கையாளர் வந்தால் இடுப்பளவை இரண்டு அங்குலம் குறைத்து வாயால் சொல்வாள், சரியான அளவை நோட்டில் எழுதிக்கொள்வாள். "மனசு நோகாம தைக்கணும்டி" என்பாள்.

அக்காவும் என் மனசு நோகாமல் அளந்தாள். என் தடத்திலிருந்து இரண்டு விரல், சில நாள் மூன்று விரல் தள்ளி வளையத்தை வைத்தாள். நான் பலகையிலிருந்து டேப்பை இரண்டு முறை மெல்லச் சுண்டுவேன். படித்தாகிவிட்டது, விடு என்று அர்த்தம். அவள் விட்டுவிட்டுச் சிரிப்பாள். அந்தச் சிரிப்பில் எனக்கு எதுவும் தெரியவில்லை. தேவையான தூரத்தைத் தாண்டிவிட்டேன் என்ற நம்பிக்கையோடு போன வருட விளையாட்டு விடுதித் தேர்வுக்குப் போனேன். ஏழு சென்டிமீட்டர் குறைந்தது. நடுவர் பொய் சொல்கிறார் என்று எல்லார் முன்னாலும் கத்தினேன். திரும்பும் பேருந்தில் அக்காவே சொன்னாள்.

"ரெண்டு மூணு விரல்தான்டி விட்டேன். நீ மூஞ்சியத் தொங்கப்போட்டுக்கிட்டு வீட்டுக்கு வர்றதப் பாக்க முடியல."

"உனக்கு ரெண்டு விரல். எனக்கு ஒரு வருஷம்."

அதன் பிறகு நாங்கள் பேசிக்கொண்டது உப்பு, சாவி, குளியலறை இந்த மூன்றைப் பற்றித்தான்.

இந்த வருடம் ஐந்து மீட்டர் ஐம்பது தாண்ட வேண்டும். தாண்டினால் விளையாட்டு விடுதியில் இடம், பயிற்சி, படிப்பு எல்லாம். அடுத்த வருடம் எனக்கு வயது கடந்துவிடும். அம்மா இப்போதே எனக்கென்று இரண்டாவது தையல் மெஷினுக்கு எண்ணெய் போட்டு, துணியால் மூடி, ஜன்னல் பக்கம் நகர்த்தி வைத்திருந்தாள்.

நான் பழகியது மூடிக்கிடந்த பாட்டில் தொழிற்சாலையின் மைதானத்தில். தொழிலாளர்கள் விளையாடிய காலத்தில் வெட்டிய மணற்குழி அது. மணலில் கண்ணாடித் துகள்கள் கிடந்தன. முதல் பத்து நாள் தாண்டவே இல்லை, மணலைச் சலித்தேன். மதியம் மூன்று மணிக்கு அங்கே போனால் ஒரு சத்தமும் இருக்காது. வெயில் சுவர்மேல் சாய்ந்திருக்கும். எனக்கு அது பிடித்திருந்தது.

தேர்வுக்கு நான்கு வாரம் இருந்தபோது ஒருநாள் தாண்டிவிட்டு, வளையத்தைத் தடத்தில் வைத்துவிட்டு, பலகைக்கு வந்து இழுத்தேன். டேப் விறைத்து நின்றது. காற்றில் அதிர்ந்தது. ஐந்து முப்பத்தெட்டு. இவ்வளவு இறுக்கமாக ஒருநாளும் நின்றதில்லையே, ஆணி நன்றாக இறங்கியிருக்கிறது என்று நினைத்தேன். வழக்கம்போல இரண்டு முறை சுண்டினேன். ஆணியைச் சுண்டி என்ன பயன், பழக்கதோஷம். டேப் தளர்ந்து மணலில் விழுந்தது.

எண்ணை எழுதப் பேனாவை எடுக்கப் பையில் கைவிட்டேன். ஆணி பைக்குள்ளேயே இருந்தது.

குழிக்குப் போய்ப் பார்க்க நீண்ட நேரம் ஆயிற்று. வளையம் கிடந்த இடத்தில் மணல் அழுந்தியிருந்தது. நான்கு விரல் முட்டிகள், பக்கத்தில் ஒரு கட்டைவிரல். என் கையை அதற்குமேல் பிடித்துப் பார்த்தேன். என் கை பெரிது.

அன்று போய்விட்டேன். மறுநாள் வராமல் இருந்திருக்கலாம். ஆனால் முப்பத்தெட்டு என்ற எண் ராத்திரியெல்லாம் உள்ளே உட்கார்ந்திருந்தது. பதினோரு மாதத்தில் சந்தேகமில்லாமல் எனக்குக் கிடைத்த முதல் எண். மறுநாள் ஆணியை வீட்டில் வைத்துவிட்டுப் போனேன்.

மூன்று முறை அளந்தேன். மூன்று முறையும் ஒரே எண். சுண்டினால் விட்டது. அடுத்த வாரம் நாற்பத்தொன்று, பிறகு நாற்பத்துமூன்று. நான் குழிப்பக்கம் பார்க்கமாட்டேன், எண்ணை மட்டும் பார்ப்பேன். நானும் பேசவில்லை, அதுவும் பேசவில்லை. சபாஷ் சொல்லாத, பாவம் பார்க்காத துணை. இப்படி ஒருத்தர் முன்பே கிடைத்திருந்தால் பள்ளியில் எனக்குத் தனிக்கட்டை என்ற பெயரே வந்திருக்காது.

தொழிற்சாலை வாசலில் வாட்ச்மேன் உட்கார்ந்திருப்பார். ஒருநாள் வெளியே வரும்போது, "ஏம்மா, உன்னோட தங்கச்சிக்கு வெயில்ல ஒரு தொப்பி வாங்கிக் குடுக்கக் கூடாதா?" என்றார்.

"எந்தத் தங்கச்சி?"

"மணல்ல உக்காந்து டேப் புடிக்குமே அதான். மணிக்கணக்கா குனிஞ்ச தலை நிமிரல. எப்ப உள்ள போச்சுன்னுதான் தெரியல. கேட்ல என்னைத் தாண்டித்தானே போகணும்?"

"குடுக்கறேன்" என்றேன். தெருமுனைவரை மெதுவாக நடந்தேன். பிறகு ஓடினேன்.

தேர்வுக்கு முந்தைய நாள் வெள்ளிக்கிழமை. அன்று தாண்டியபோது காற்றில் கூடுதலாக ஒரு நொடி இருந்ததுபோலிருந்தது. ஐம்பது வந்துவிட்டது என்றே நினைத்தேன். வளையத்தை வைத்துவிட்டு வந்து இழுத்தேன். நாற்பத்தாறு. மறுபடி இழுத்தேன். நாற்பத்தாறு.

பலகைமேல் மண்டியிட்டு உட்கார்ந்தேன். அந்த மைதானத்தில் முதல்முறையாக வாய்திறந்தேன். யாரிடம் என்று யோசிக்கவில்லை.

"நாலே நாலு சென்டிமீட்டர்தானே."

டேப் என் விரல்களுக்கு நடுவில் நகர்ந்தது. குழிப்பக்கமாக, மெல்ல. நாற்பத்தேழு. நாற்பத்தெட்டு. பலகையின் ஓரத்தைக் கோடுகள் ஒவ்வொன்றாகக் கடந்தன. நாற்பத்தொன்பது. ஐம்பது. அங்கே நின்றது. போதுமா என்று கேட்பதுபோல.

அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தேன். குழியில் யாரும் இல்லை. வளையம் என் தடத்தைவிட்டு இரண்டு விரல் தள்ளி மணலோடு அழுந்திக் கிடந்தது. இறுகிய டேப்பின் நிழல் மணலில் கோடாக விழுந்திருந்தது. அந்தக் கோடு முடியும் இடத்தில், எந்த உடம்போடும் சேராமல், குனிந்த ஒரு தலையின் நிழல்.

பயத்தைவிட முதலில் வந்தது கோபம். "நீயுமா?" என்றேன். "பொய் வேண்டாம். சரியா வை."

டேப் அசையவில்லை. சுண்டினேன். விடவில்லை. இழுத்தேன். மறுமுனையும் இழுத்தது. கெஞ்சுவதுபோல ஒரு சின்ன இழுப்பு. கையை உதறிவிட்டு, நோட்டையும் டேப்பையும் அங்கேயே போட்டுவிட்டு வந்தேன்.

வீட்டில் அக்கா காலர் திருப்பிக்கொண்டிருந்தாள். நான் மெஷினுக்கு எதிரில் நின்றேன். அவள் மிதிப்பதை நிறுத்தினாள்.

"நாளைக்கு வர்றியா?"

"நானா? அங்கதான் அவங்களே அளப்பாங்களே."

"சும்மா வா."

அவள் வாயிலிருந்த ஊசியை எடுத்து ஊசித்திண்டில் குத்தினாள். "உன் கை ஏன் இப்படிச் சில்லுனு இருக்கு?" என்றாள். கையை எப்போது பிடித்தாள் என்று எனக்குத் தெரியவில்லை.

தேர்வு ஊரின் மறுகோடியிலிருந்த பெரிய மைதானத்தில். ஆளுக்கு மூன்று தாண்டல். முதலாவதில் பலகையைத் தாண்டிக் கால் வைத்துவிட்டேன், செல்லாது. இரண்டாவது நாற்பத்துநான்கு. மூன்றாவதுக்கு நிற்கும்போது படிக்கட்டில் அக்காவைப் பார்த்தேன். கையை வாயில் வைத்துக்கொண்டிருந்தாள். ஓடினேன். பலகை சரியாகக் காலுக்கடியில் வந்தது.

விழுந்தது முன்பக்கமாக. மண்டியிட்டு, அதே வேகத்தில் எழுந்து, கையை ஊன்றாமல் குழிக்கு வெளியே ஓடிப்போய் நின்றேன். திரும்பியபோது நடுவர் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"கைய பின்னால ஊனிட்டியேம்மா. கால் நல்ல தூரம் போயிருக்கு. வீணாக்கிட்ட."

என் குதிகால் தடத்துக்குப் பின்னால் ஒரு சாண் தள்ளி, மணலில் ஒரு பள்ளம். ஊன்றிய உள்ளங்கையாக இருந்தால் விரல்கள் விரிந்திருக்கும். இது நான்கு முட்டிகள், ஒரு கட்டைவிரல். வளையத்தைப் பிடிக்கத் தயாராகக் காத்திருக்கும் கை.

என் இரண்டு உள்ளங்கைகளையும் பார்த்தேன். வியர்வை இருந்தது, ஒரு மணல்கூட இல்லை. நடுவரிடம் நீட்டிக் காட்டியிருக்கலாம். போன வருடம் கத்தியவள் இவள்தான் என்று அவருக்கு ஞாபகம் வந்திருக்கும். அதைவிட, அந்தக் கை யாருடையது என்று கேட்டால் என்ன சொல்வேன்?

விதிப்படி பலகைக்குப் பக்கத்திலுள்ள தடம்தான் கணக்கு. உதவியாளர் வளையத்தை அந்தச் சின்னக் கையின் பள்ளத்தில் வைத்தார். டேப்பை இழுத்தார்கள். எனக்குக் காது அடைத்துவிட்டது. நடுவரின் உதடு அசைவதைத்தான் பார்த்தேன். பிறகு அக்கா படிக்கட்டில் விழுந்தடித்துக்கொண்டு ஓடிவருவதைப் பார்த்தேன்.

ஐந்து ஐம்பத்தொன்று.

மறுநாள் மதியம் நோட்டை எடுத்துவர வேண்டுமென்று தொழிற்சாலைக்குப் போனேன். அக்காவும் வந்தாள். வாட்ச்மேன் அவளை ஏற இறங்கப் பார்த்து, "இது வேற பொண்ணால்ல இருக்கு" என்றார்.

"இவ மூத்தவ" என்றேன்.

மைதானத்துக்குள் அக்கா பின்னாலேயே வந்தாள். "டேப் புடிக்கணும்னா புடிக்கறேன்டி. இந்தத் தடவை விரல் கிரல் எல்லாம் கிடையாது."

"நீ இங்கயே நில்லு. இது ரெண்டு பேர் வேலைதான், ரெண்டு பேர் இருக்கோம்."

மணல் வாரிவிட்டதுபோல வழவழப்பாக இருந்தது. வெள்ளிக்கிழமை நான் விட்டுப்போன தடம் இல்லை. டேப், உருண்டையாகச் சுற்றி நோட்டின்மேல் வைக்கப்பட்டிருந்தது. குழியின் நடுவில் புதிதாக இரண்டு குதிகால் தடங்கள், ஒட்டி ஒட்டி, சின்னதாக. உள்ளே போன சுவடும் இல்லை, வெளியே வந்த சுவடும் இல்லை.

எவ்வளவு நாளாகத் தாண்டிக்கொண்டிருந்ததோ. எத்தனை பேருக்கு அது டேப்பைப் பிடித்துக்கொடுத்ததோ. அதற்குப் பிடிக்க ஆள் இருந்திருக்காது.

டேப்பைப் பிரித்து மறுநுனியைப் பலகைவரை இழுத்துக்கொண்டு போய் வைத்துவிட்டுத் திரும்பி வந்தேன். மணலில் குந்தி உட்கார்ந்தேன். வளையத்தை அந்தத் தடத்தின் ஓரத்தில் வைத்தேன். அது எனக்குக் காட்டிய தயவை நானும் காட்டலாமா என்று ஒரு கணம் தோன்றியது. காட்டவில்லை. ஓரத்திலேயே வைத்து விரல் முட்டிகளால் அழுத்தினேன். தலையைக் குனிந்துகொண்டேன்.

வெகுநேரம் ஒன்றும் நடக்கவில்லை. வெயில் கழுத்தைச் சுட்டது. அக்கா தூரத்தில் எதுவோ கேட்டாள், பிறகு சட்டென்று பேச்சை நிறுத்திக்கொண்டாள்.

டேப் மணலைவிட்டு எழும்பியது. விறைத்தது. வளையம் என் விரலை இழுத்தது. விடாமல் பிடித்துக்கொண்டேன். பலகைப்பக்கம் யாரோ குனிந்து, பொறுமையாக, ஒவ்வொரு கோடாகப் படித்துக்கொண்டிருந்த நேரம் அது.

பிறகு இரண்டு முறை, மெல்ல, சுண்டியது.