ஆறாத எஞ்சின்

முரசுமோட்டைக் குகதாசனின் காரில் எஞ்சின் பதின்மூன்று வருடமாக ஆறவில்லை. 2011இல் வவுனியாவில் வாங்கி ஓட்டிவந்த அன்று சூடானது, அந்தச் சூடு அப்படியே நின்றுவிட்டது. அவர் டெங்குக் காய்ச்சலில் ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தபோதும், பெற்றோல் வரிசையில் கார் நான்கு நாள் அசையாமல் நின்றபோதும் எஞ்சினுக்கு மேலுள்ள பொனற் மூடியில் கைவைக்க முடியவில்லை. காஸ் தட்டுப்பாட்டு வருடத்தில் ஊரே அதில்தான் தேத்தண்ணிக்குச் சுடுதண்ணி வைத்தது. ஒரு கேத்தலுக்குப் பதினெட்டு நிமிடம், பால் என்றால் இருபத்திரண்டு. ஒருவரும் அதை அதிசயம் என்று சொல்லவில்லை. நேரம் கூடப் போகிறது என்றுதான் குறை சொன்னோம்.

சென்ற ஆவணியில் மஞ்சள் எஞ்சின் லைட் எரியத் தொடங்கியது. புகைச் சோதனையில் கார் இரண்டு தரம் தோற்றது. சான்றிதழ் இல்லாவிட்டால் மாத முடிவோடு றோட்டில் ஏறமுடியாது. கிளிநொச்சிக்கு ரீச்சர்மாரை ஏற்றி இறக்கும் ஓட்டமும் போய்விடும். அந்த வீட்டுக்கு வேறு வருமானம் கிடையாது. குகதாசன் முன்பே நின்ற இடத்தில் நிற்கமாட்டாத மனுசன். அந்தக் கிழமை சோற்றுக் கோப்பையோடு முற்றத்தைச் சுற்றி நடந்தபடியே சாப்பிட்டார்.

பரந்தனில் கராஜ் வைத்திருக்கும் கலிஸ்ரா, முல்லைத்தீவுக் கரையில் தகப்பனின் வள்ள எஞ்சினைக் கழற்றிப் பழகியவள், ஸ்கேனரைக் கொழுவிப் பார்த்தாள். எஞ்சின் குளிராக ஸ்ராட் ஆகும் முதல் ஒரு நிமிடம் மட்டும் ஒரு சின்னப் பம்ப் சைலன்சர் பக்கம் காற்று ஊதும், எரியாத புகை அதில் எரிந்துபோகும். அந்தக் காற்று போய்ச் சேரவில்லை என்றது ஸ்கேனர். பம்புக்குப் பற்றரியிலிருந்து நேரே கறண்ட் கொடுத்தாள், சுற்றியது. ஹோஸில் ஓட்டை இல்லை. மிச்சம், அந்தக் காற்றுக்கு வழி திறந்துவிடும் வால்வு.

"அதைப் பாக்க எஞ்சின் ஆறவேணும் அண்ணை. விட்டிட்டுப் போங்கோ."

"இது ஆறாது பிள்ளை."

"ஆறாத எஞ்சின் எந்த ஊரில கிடக்கு?" என்று பொனற்றைத் தொட்டவள், "யேசுவே!" என்று விரலை வாய்க்குள் வைத்தாள்.

மூன்று நாள் வைத்திருந்தாள். பற்றரியைக் கழற்றினாள். மீன்காரரிடம் இரண்டு பெட்டி ஐஸ் வாங்கிக் கொட்டினாள். கராஜ் முழுக்க ஆவி பறந்ததுதான் மிச்சம். நான்காம் நாள் டிக்கியைத் திறந்தபோது ஒரு பச்சைத் துணிப்பை இருந்தது: காணி உறுதி, பிறப்புப் பத்திரங்கள், இரண்டு சோடி உடுப்பு, ஒரு பிஸ்கட் பக்கற். தொட்டால் சுட்டது. கார் வாங்கிய அன்றே வைத்தது. பிஸ்கட்டை மட்டும் வருடாவருடம் மாற்றுகிறார்கள்.

"இதுதான் சுடுது அண்ணை. வீட்டுக்குள்ள வையுங்கோ."

"திரும்பவும் திடீரெண்டு ஊரைவிட்டு ஓட வேண்டி வந்தா?"

கூட வந்திருந்த மனைவி கௌசலாவுக்குப் பொறுமை போய்விட்டது. "ஓடுறதுக்கு முதல்ல கார் ஓடவேணுமே! கொண்டாங்கோ இஞ்ச." பையைத் துவாயில் சுற்றிக்கொண்டு அவா பஸ் ஏறினா. பஸ் மறையும்வரை குகதாசன் பின்னால் நடந்தார்.

பின்னேரமே எஞ்சின் ஆறியது. மறுநாள் காலை ஸ்ராட் பண்ண, பம்ப் இரைந்தது, வால்வு அசையவில்லை. பதின்மூன்று வருடம் ஒரு தரமும் வேலை வராமல் கரி பிடித்து இறுகியிருந்தது. கலிஸ்ரா கழற்றி, கழுவிப் பூட்டினாள். லைட் அணைந்தது. புகைச் சோதனையில் கார் தேறியது.

பை அலுமாரிக்குள் இருக்கிறது. அதற்குச் சம்மதிக்கக் குகதாசன் ஒரேயொரு நிபந்தனை வைத்தார். அதனால் அலுமாரி இப்போது வாசலில், றோட்டைப் பார்த்தபடி நிற்கிறது. அதன் கதவு சுடும். அந்த வீட்டுக்குப் போகிறவர்கள் உடம்பைச் சரித்துத்தான் உள்ளே நுழைகிறோம். மாரியில் நனைந்து போனால், ஒரு நிமிடம் அதில் முதுகைச் சாய்த்துவிட்டு நுழைகிறோம்.