வலப்பக்கத்துப் பை

என் வீட்டுக்காரருக்கு மடக்குக்கத்தி வாங்கப் போன கடையில், வலக்கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டேன். கடைக்காரர் ஒரு மாதிரியாகப் பார்த்தார். பார்க்கட்டும். பக்கவாதத்தில் என் வீட்டுக்காரருடைய வலக்கை விழுந்து நான்கு மாதமாகிறது. இடக்கையால் திறக்க முடியாத கத்தி எங்களுக்கு எதற்கு?

அவர் செடி நர்சரியில், கத்தியால் கிளையைச் சீவி ஒட்டுக்கட்டுகிறவர். கை விழுந்ததும் பழைய கத்தியை பீரோவுக்கு அடியில் தள்ளிவிட்டார். முதலாளி மூன்று முறை ஆள் அனுப்பினார், முடிந்த வேலையைச் செய்தால் போதும் என்று. "கத்தி இல்லாம அங்க போய் வேடிக்கை பாக்கவா?" என்று சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். இந்த மனுஷர் இப்படியே படுத்துவிடுவாரோ என்று எனக்குப் பயம் பிடித்துவிட்டது.

முதல் கத்தியின் ஸ்பிரிங் நகத்தைப் பெயர்த்துவிடும்போல இருந்தது. இரண்டாவதில் ரம்பம், திருப்புளி, மூடி திறப்பான் எல்லாம் இருந்தன.

"இது நல்லா போகுதுக்கா," என்றார் கடைக்காரர்.

"இதப் பையில போட்டா பேண்ட் இறங்கிடும். பொறுப்பு நீங்க ஏத்துக்குவீங்களா?"

கடைசியாக ஒரு மரப்பிடிக் கத்தி. பிடியைத் தொடையில் அழுத்தி, அலகை இரண்டு விரலால் கிள்ளி இழுத்ததும் திறந்தது. மூடும்போது பாதியில் ஒருமுறை நின்று மூடியது. விரல் தப்பிக்க அது போதும்.

கத்தி பையில் குறுக்கே கிடந்தால் உட்காரும்போது தொடையைக் குத்தும். அதனால் அவருடைய பேண்ட் பைக்குள், கத்தி நிமிர்ந்து நிற்க ஒரு குட்டிப் பை தைப்பது என் வழக்கம். எப்போதும் வலப்பக்கம். இந்த முறை இடப்பக்கம் என்று முடிவுசெய்து, பேண்டை உள்பக்கம் திருப்பிப் போட்டுத் தைத்தேன்.

காலையில் மாட்டிக்கொண்டவர் தடவிப் பார்த்தார். "வலப்பக்கம் தச்சிருக்க."

எனக்கு முகம் செத்துவிட்டது. துணியைத் திருப்பினால் இடம் வலம் மாறும் என்பது தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் தெரியும். இருபது வருஷத் தையல்காரி கோட்டை விட்டிருக்கிறேன். பிரித்துத் தருகிறேன் என்று வாயெடுப்பதற்குள் அவர் சொன்னார்:

"டாக்டரே இதுக்கு மேல வராதுன்னுட்டாரு. நீ ஒருத்திதான் இந்தக் கை வரும்னு நம்புற."

பிரிக்க நீட்டிய கையை இழுத்துக்கொண்டேன்.

லேசாக மட்டும் அசைகிற அந்த விரல்களைப் பைக்குள் விட்டார். கத்தி இரண்டு முறை நழுவி உள்ளேயே விழுந்தது. நான் உதவிக்குப் போகவில்லை, பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். மூன்றாவது முறை வெளியே வந்தது. இடக்கைக்கு மாற்றி, தொடையில் அழுத்தித் திறந்தார், மூடினார். மறுபடி வலப்பக்கத்துப் பையிலேயே போட்டார்.

"முதலாளிக்குப் போன் போடு. கொஞ்சம் லேட்டா வர்றேன்னு சொல்லு."

அவர் போனதும் மீதி மூன்று பேண்டையும் எடுத்துத் தைக்க உட்கார்ந்தேன். இந்த முறை நன்றாகப் பார்த்து, வலப்பக்கமாகவே.