சீக்குச் செடி

ஏரியை மூடிக் கிடந்த ஆகாயத்தாமரையை மூன்று துறைகளும் சேர்ந்து ஒழிப்பது என்று முடிவானது. எங்கள் நீர்த்துறை இயந்திரத்தால் வாரும். பூச்சித்துறை அந்தச் செடியைத் தின்னும் வண்டுகளை விடும். மீன்துறை படகு தரும். தாயும் பிள்ளையுமானாலும் வாயும் வயிறும் வேறு என்பார்கள். இவை தாயும் பிள்ளையும்கூட இல்லை. ஆனாலும் கூட்டக் குறிப்பில் 'முழு ஒத்துழைப்பு' என்று பதினோரு இடத்தில் எழுதினேன். எழுதுவதுதான் என் வேலை.

பூச்சித்துறை அம்மாளை நாங்கள் வண்டம்மா என்போம். அரிசி அளவு வண்டுகளை மூன்று வருடம் தொட்டியில் வளர்த்து, ஏரியின் கிழக்கு மூலையில் விட்டிருந்தார்.

"அந்த மூலையில என்னோட செடி கொஞ்சம் இருக்கு. அதை மட்டும் விட்டுடுங்க," என்று கூட்டத்தில் கேட்டார்.

இயந்திரம் ஓட்டுபவன் என் மனைவியின் தம்பி. அவனிடம் சொன்னேன். எந்தச் செடி என்று அவனும் கேட்கவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

மறுநாள் காலை மூலையில் ஒரு திட்டு மட்டும் பச்சைப் பசேலென்று மிதந்தது. மற்றதெல்லாம் கரையில் குவியலாகக் கிடந்தது.

"நல்லதாப் பாத்து உங்களுக்கு விட்டுவச்சேம்மா," என்றான் மச்சான். "ஓட்டை விழுந்து கெடந்த சீக்குச் செடிய எல்லாம் வாரிட்டேன்."

வண்டம்மா குவியலிலிருந்து ஒரு காம்பை எடுத்துப் பிளந்து காட்டினார். உள்ளே வண்டின் புழு நெளிந்தது.

"இந்தச் சீக்கு வர மூணு வருஷம் ஆச்சு தம்பி. மத்தியானத்துக்குள்ள காஞ்சு செத்துரும். தொட்டியில ஒண்ணுகூட மிச்சம் வைக்கல."

அவர் திட்டியிருந்தால் தேவலை. எனக்கு வெட்கமாக இருந்தது.

வாரிய களையைத் திரும்ப நீரில் போட்டவனுக்கு வேலை போகும். எங்கள் துறையின் முதல் விதி அது. தட்டச்சு செய்தவனும் நானே.

மச்சான் என்னைப் பார்த்தான். "மாமா, நீங்க போய் டீ குடிச்சிட்டு வாங்க."

நான் போகவில்லை. சட்டையைக் கழற்றினேன். கூட்டத்தில் வாயே திறக்காத மீன்துறைக்காரர், எவரும் கேட்காமலே படகைக் கரையோரம் கொண்டுவந்தார். நால்வரும் பதினொரு மணிவரை களையை அள்ளி அள்ளி ஏரிக்குள் போட்டோம். பாதியாவது பிழைக்கும் என்றார் வண்டம்மா.

அன்றைய அறிக்கையில், 'இயந்திரம் பழுது. வேலை நடைபெறவில்லை' என்று எழுதினேன். மூன்று துறைகளும் உண்மையிலேயே ஒத்துழைத்த ஒரே நாள் அது. அதை மட்டும் எழுத முடியவில்லை.