காலையில் ஸ்டார்ட் ஆகாத வண்டி

எங்கள் வீட்டு வண்டி நின்றுபோனால் சந்தோஷப்படுகிற முதல் ஆள் தேவகுமார் அத்தான். என் கணவர் சிஜினின் அண்ணன், பக்கத்து வீடு. விடிவதற்குள் நான் சாவியைத் திருப்புவேன். வண்டி ‘டிக்’ என்று ஒரு சத்தம் போட்டுவிட்டுச் சும்மா இருக்கும். உடனே அவர் வாசலில் லைட் எரியும். கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, வாயில் பிரஷ்ஷோடு ஆடி அசைந்து வருவார்.

“பெண்ணுங்களுக்கு வண்டி சரிப்படாது பிள்ளே. அதுக்கு ஒரு கை வேணும்.”

பானெட்டைத் தூக்கித் தலையை உள்ளே விட்டு, பேட்டரியை என்னவோ செய்வார். நான் எட்டிப் பார்த்தால், “தள்ளி நில்லு, ஆசிட் தெறிக்கும்” என்பார். நாள் முழுக்க லேபில் ஆசிட்டோடும் ரத்தத்தோடும் புழங்குகிறவளிடம் இந்தப் பேச்சு. அவரது கை பட்டதும் சவத்து வண்டி ஸ்டார்ட் ஆகிவிடும். அதற்குள் நன்றாக வெளுத்திருக்கும். நன்றி வேறு சொல்லிவிட்டுப் போகவேண்டும்.

எனக்கு வேலை மார்த்தாண்டத்தில், ஒரு தனியார் ஆஸ்பத்திரி லேபில். ஆறரைக்கு டூட்டி. சுகர் பார்க்க வெறும் வயிற்றோடு வந்தவர்கள் பெஞ்சில் உட்கார்ந்து வாசலையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். தாமதமாகப் போனால் கிடைக்கிற ஏச்சைக் காது கொடுத்துக் கேட்க முடியாது. எங்கள் ஊர் திற்பரப்பிலிருந்து அந்த நேரத்துக்குத் தோதான பஸ்ஸும் இல்லை. போன வாரம் மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, இன்னும் ஒரு நாள் லேட்டானால் அன்றோடு நின்றுகொள்ளச் சொல்லிவிட்டார். சும்மா மிரட்டுகிற ஆள் இல்லை அவர். எனக்கு முன்னால் இருந்த அபினா அப்படித்தான் போனாள்.

இந்த வேலை போனால் மறுபடியும் அடுக்களைதான். மஸ்கட்டிலிருந்து சிஜின் எப்போது கூப்பிடுவார் என்று போனைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்கவேண்டும். கல்யாணமான புதிதில் அப்படிச் சில வருஷம் இருந்து பார்த்தாகிவிட்டது. எனக்கு அது போதும்.

சிஜின் தினமும் ராத்திரி கூப்பிடுவார். “இன்னைக்கும் மக்கர் பண்ணிச்சா?” என்பார். நான் அத்தானைத் திட்டித் தீர்ப்பேன். “சவத்த விடு, அண்ணன் பாத்துக்கிடுவான்” என்று குரலைத் தணித்துச் சொல்வார். இப்படி ஒரு நல்ல மனுஷனுக்கு அப்படி ஒரு அண்ணனா என்று நினைத்துக்கொண்டே தூங்கியிருக்கிறேன். பேதை நான்.

ஓணம் கழிந்து பேட்டரி மாற்றினோம். கடையிலிருந்து வாங்கிவந்து மாட்டியதும் அத்தான்தான். அதற்குப் பிறகுதான் எல்லாக் கோளாறும். ஹெட்லைட் மங்கி மங்கி எரியும். வண்டியிலுள்ள கடிகாரம் நினைத்தபோதெல்லாம் பன்னிரண்டுக்குத் திரும்பிவிடும். ஹாரன் அடித்தால் சளி பிடித்தவன் கூப்பிடுவதுபோல ஒரு சத்தம். கடைக்காரன் பழைய பேட்டரியைத் தலையில் கட்டிவிட்டான் என்று அவனையும் சபித்தேன்.

சனிக்கிழமை டூட்டி முடிந்து வரும்போது அருமனையில் மீன் வாங்க நிறுத்தினேன். வாங்கிவிட்டு வந்து சாவியைத் திருப்பினால் ‘டிக்’. பின்னால் ஒரு பஸ்காரன் ஹாரனிலிருந்து கையை எடுக்கவே இல்லை. ஆட்டோக்காரர்கள் இரண்டு பேர் தள்ளிவிட்டார்கள், கூடவே பெண்கள் வண்டி ஓட்டுவது பற்றி ஆளுக்கொரு உபதேசம். நல்லவேளையாகப் பக்கத்திலேயே வண்டிகளுக்கு எலக்ட்ரிகல் வேலை பார்க்கிற பெனிஷின் கடை இருந்தது.

பெனிஷ் போனில் யாரிடமோ சிரித்துப் பேசிக்கொண்டே வந்தான். மீட்டரை வைத்துப் பார்த்தான்.

“பேட்டரி நல்லாத்தான் இருக்கு. ஸ்டார்ட்டர் மோட்டார் போச்சிக்கா. வண்டிய விட்டுட்டுப் போங்க, திங்கக்கிழமை மத்தியானம் பாக்கலாம்.”

“திங்கக்கிழமை காலைல எனக்கு டூட்டி உண்டு.”

“அதுக்கு நான் என்ன செய்யட்டு?”

எனக்கு வெப்ராளம் தலைக்கு ஏறியது. பேட்டரியின் மைனஸ் பக்கத்து வயரைப் பிடித்து ஆட்டினேன். பேட்டரியின் ஈயக் கம்பத்தைக் கவ்வியிருந்த கிளாம்பு அப்படியே திரும்பியது.

“இது இந்த ஆட்டு ஆடுது. இதப் பாக்காம மோட்டார கழட்டுவியா?”

முகத்தைச் சுளித்துக்கொண்டு போனை வைத்தான். நட்டைத் தொட்டுப் பார்த்தான். நட்டு இறுக்கமாகத்தான் இருந்தது. இறுக்கியும் ஆடுகிறதே என்று முணுமுணுத்தபடி பத்தாம் நம்பர் ஸ்பேனரைப் போட்டுக் கழற்றி, கிளாம்பைத் தூக்கினான். உள்ளே கம்பத்தைச் சுற்றி, விரல் அகலத்தில் பழுப்பாக ஒரு துண்டு.

“ரப்பருக்கா. ரப்பர்ல கரண்ட் போகுமா? ஒரு ஓரம் மட்டும் ஈயத்துல தொட்டுட்டு இருந்திருக்கு. அசைச்சா பிடிக்கும், விட்டா போவும். லூசா இருக்குன்னு யாரோ வெவரம் இல்லாம வச்சிருக்காங்க.”

அதை உரித்தெடுத்து, கம்பத்தை உப்புத்தாளால் தேய்த்து, கிளாம்பை நேராக மாட்டி இறுக்கினான். மேலே கொஞ்சம் கிரீஸ் தடவினான். சாவியைத் தொட்டதும் வண்டி பிடித்துக்கொண்டது. ஹாரன் அடித்தேன், தெருவே திரும்பிப் பார்த்தது.

அந்தத் துண்டை மூக்கருகே கொண்டுபோனேன். விறகுப் புகை வாடை. எங்கள் வளாகத்தில் கொடி கொடியாகத் தொங்குகிற ரப்பர் ஷீட்டின் வாடை அது. அத்தான் புகை போட்டுக் காயவைக்கிற ஷீட், கத்தரிக்கோலால் நேராக வெட்டியது. வெவரம் இல்லாமல் வைத்தாராம். கிணற்று மோட்டாரின் சுவிட்சைத் தொடும்போது ஷாக் அடிக்கக்கூடாது என்று ஒரு ஷீட்டைக் காலடியில் போட்டு நிற்கிற மனுஷன் அவர்.

வீட்டுக்கு எப்படி ஓட்டிவந்தேன் என்று தெரியாது. அத்தான் முற்றத்தில் மெஷினில் ஷீட் அடித்துக்கொண்டிருந்தார். துண்டை அவர் காலடியில் எறிந்தேன்.

“இது என்னது அத்தான்?”

குனிந்து பார்த்தார். பிரஷ்ஷோடு வருகிற காலைச் சிரிப்பு முகத்தில் இல்லை.

“எனக்க சோத்துல மண்ணு போட உமக்கு எப்பிடி மனசு வந்துது? உம்ம வீட்ல வந்து ஒரு நாள் கையேந்தி நின்னுருப்பேனா?”

“என்ன ஏசாத பிள்ளே.”

“பின்ன யார ஏச? இது எனக்க வீட்டு ஷீட்டா?”

“உனக்க மாப்பிள்ளைட்ட கேளு.”

“அவர என்னத்துக்கு இழுக்கிய? உம்ம குசும்புக்கு அவரா பொறுப்பு?”

அவர் கைலியில் கையைத் துடைத்துக்கொண்டார். “அவன் வயர மொத்தமா கழட்டி ஒளிச்சு வைக்கத்தான் சொன்னான். பாவமேன்னு நான் இந்த மட்டுல நிப்பாட்டினேன். பிறவு நானே வந்து ஸ்டார்ட்டும் ஆக்கித் தந்தேம்லா.”

அந்த இடத்திலேயே நின்று சிஜினைக் கூப்பிட்டேன். வீடியோவில் சோற்றுத் தட்டோடு வந்தார். துண்டை எடுத்துப் போனுக்கு நேராகக் காட்டினேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. என் தோளுக்குப் பின்னால் நின்ற அண்ணனைப் பார்த்தார்.

“நீங்களா சொன்னிய?”

கொஞ்ச நேரம் சோற்றைப் பிசைந்தார்.

“இங்க ரூம்ல நாட்டுக்காரனுவ நாலு பேரு உண்டு. உனக்க பெண்டாட்டி விடியதுக்கு முந்தி வண்டிய எடுத்துட்டு எங்க போறான்னு கேக்குறானுவ. நான் என்ன சொல்லட்டு?”

“லேபுக்குப் போறான்னு சொல்லணும்.”

“அவனுவளுக்கு அது வெளங்காது.”

“என்ட்ட வேலைய விடுன்னு ஒரு நாளாவது சொன்னியளா?”

“சொன்னா நீ சண்டை போடுவ. வேலை அதுவா போச்சுன்னா உனக்கும் எனக்கும் சங்கடம் இல்லேன்னு நெனச்சேன்.”

அண்ணனைப் பற்றி நான் சொன்ன ஒவ்வொரு குறையையும் ராத்திரி ராத்திரி உம் கொட்டிக் கேட்டவர் இவர். மேனேஜர் எச்சரித்த அன்று நான் அழுதபோது, அழாதே என்று ஒரு மணி நேரம் தேற்றியவரும் இவர்தான். அத்தான் பைய மெஷின் பக்கம் நகர்ந்துவிட்டார்.

“ஏட்டி, இப்பிடி மொறைச்சிட்டு நிக்காத. எனக்கு லீவு கெடச்சிருக்கு. பதினெட்டாம் தேதி திருவனந்தபுரம் ஏர்போர்ட்டுக்கு வண்டி கொண்டு வா. நேர்ல பேசித் தீத்துக்கிடலாம்.”

“எப்பம் எறங்குவிய?”

“காலைல ஆறு மணிக்கு.”

“அந்நேரம் நான் டூட்டிக்குப் போணும்” என்றேன். “ஒரு டாக்ஸி பிடிச்சு வாங்க.”